தீண்டாமை ஒழிப்பு: ஒரு மதிப்பெண்

தமிழ்நாட்டில் தீண்டாமை ஒழிந்துவிட்டது. நம்பாதவர்கள் எந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளையையும் நடுராத்திரியில் தட்டி எழுப்பிக் கேட்கலாம். கண்ணைத் திறக்காமலே பதில் வரும்: "பிரிவு 17." அத்தோடு விட்டுவிட வேண்டும். மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்டால் பிள்ளை குழம்பிப்போகும். ஒரு மதிப்பெண் கேள்வியில் ஒரு மதிப்பெண் அளவுக்குத்தான் தீண்டாமை ஒழியும்.

2017 பொதுத்தேர்வில் சமூக அறிவியலில் மட்டும் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நூற்றுக்கு நூறு எடுத்தார்கள். தமிழ்நாட்டில் இருப்பவை ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள். பங்கு போட்டால் ஊராட்சிக்கு ஏறக்குறைய ஐந்து பேர் தேறுகிறார்கள். சுயமரியாதை இயக்கம், வெளியுறவுக் கொள்கை என்று எதிலும் அரை மதிப்பெண்கூடச் சறுக்காத மேதைகள். இது ஒரே ஒரு வருடத்து விளைச்சல். முன்னும் பின்னும் பல ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் அறுவடை நடந்திருக்கிறது. 2025-இலும் பத்தாயிரத்தைத் தாண்டியது. தன்னைப் பற்றி இவ்வளவு துல்லியமாகத் தெரிந்துவைத்திருக்கும் சமூகம் பூமியில் வேறெங்கும் இருக்க வழியில்லை.

இந்த மாநிலத்தில்தான் 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது. இந்த மாநிலத்தில்தான் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. பிடிபட்டவர்கள் வெளியூரிலிருந்து வந்த கூலிப்படை இல்லை. அவனோடு ஒரே பள்ளியில் படித்த பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். அவர்களும் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலைத் தாண்டித்தான் மேலே வந்திருப்பார்கள். பிரிவு 17 அவர்களுக்கும் தெரிந்திருக்கும். விடை 'ஆ' என்றால் 'ஆ' என்றே எழுதியிருப்பார்கள்.

தேர்வுதான் அரிவாளை எடுத்துக் கொடுத்தது என்று நான் சொல்லவரவில்லை. கொடுத்தவர்கள் வீட்டில் இருக்கிறார்கள், தெருவில் இருக்கிறார்கள், சாதிச் சங்க மேடையில் மாலையோடு இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இதைப் பற்றிப் பேசுவதற்கென்று அரசாங்கம் ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. அவருக்கு வாராவாரம் பாடவேளை ஒதுக்கியிருந்தது. புத்தகத்தை அச்சடித்து இலவசமாகவும் கொடுத்திருந்தது. அந்தப் பாடவேளைகளில் என்ன நடந்தது என்று யாராவது விசாரித்தார்களா? நான் சொல்கிறேன். ஸ்லிப் டெஸ்ட் நடந்தது.

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் என்றால் என்ன என்று ஆசிரியர்களைக் கேட்டால் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என்பார்கள். அது மேலட்டைக்கு. உள்ளே இருப்பது ஒரு கூட்டல் கணக்கு. ஒரு மதிப்பெண் கேள்வி 14. இரண்டு மதிப்பெண்ணில் 10. ஐந்து மதிப்பெண்ணில் 10. எட்டு மதிப்பெண்ணில் இரண்டு. 14, 20, 50, 16, மொத்தம் 100. இந்தக் கூட்டல்தான் பாடம். இரண்டு உலகப்போர்கள், காந்தி, பெரியார், தென்மேற்குப் பருவக்காற்று, உச்ச நீதிமன்றம் எல்லாம் இந்தக் கூட்டலுக்குத் தேவைப்படும் மூலப்பொருள்கள்.

அதிகாரபூர்வமாக புளூ பிரிண்ட் என்று ஒன்று கிடையாது என்பார்கள். ஐந்து வருட வினாத்தாளை வரிசையாகப் பரப்பி எண்ணத் தெரிந்தவருக்கு அது தேவையும் இல்லை. கைடு போடுகிறவர்கள் எண்ணிவிட்டார்கள். எந்தப் பாடத்தில் எட்டு மார்க் விழும், எதை முழுசாக விட்டாலும் சாய்ஸில் சமாளிக்கலாம் என்று கணக்கு தயார். அக்டோபர் வந்தால் ஆசிரியர் அறையில் இப்படித்தான் பேச்சு நடக்கும்:

"இரண்டாம் உலகப்போர் வருமா சார்?"

"போன பப்ளிக்ல வந்துட்டுதே. இந்தத் தடவ வராது. விட்டுடலாம்."

கோடிக்கணக்கில் ஆட்கள் செத்த போர் ஐந்து விநாடியில் முடிந்தது. ஹிட்லருக்குக்கூட இவ்வளவு சுலபமான விடுதலை கிடைத்ததில்லை.

ஜனவரியில் எந்தப் பள்ளிக்கூடத்து ஜன்னலோரமும் நின்று கேளுங்கள். பாடம் எப்போதோ முடிந்திருக்கும், ரிவிஷன் ஓடிக்கொண்டிருக்கும். கரும்பு ஜூஸ் கடையில் சக்கையை மடித்து மடித்து நான்காவது தடவையும் இயந்திரத்துக்குள் விடுவதைப் பார்த்திருப்பீர்கள், அந்தத் தடவைதான் இது. ஆசிரியர் கேள்வியைப் பாதி சொல்வார். அறுபது தொண்டைகள் மீதியைக் கக்கும்.

"டாக்டர் அம்பேத்கர் இந்திய அரசியலமைப்பின் இதயம், ஆன்மா என எந்த உரிமையைக் குறிப்பிட்டார்?"

"அரசியலமைப்புக்கு உட்பட்டுத் தீர்வு காணும் உரிமை!"

கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்திருப்பான். எல்லா வகுப்பிலும் ஒருத்தன் இருப்பான். "சார், தீர்வு காணுறதுன்னா யாருகிட்ட போயிச் சார் காணணும்?"

"அது புக் பேக்ல இல்லப்பா. உக்காரு. அடுத்தது, ஸ்வரண் சிங் குழு…"

உரிமை பறிபோனால் உச்ச நீதிமன்றத்தின் கதவை நேராகத் தட்டலாம் என்பது பிரிவு 32. உயர் நீதிமன்றத்துக்கும் அப்படிப் போகலாம் என்பது பிரிவு 226. அந்தப் பையனின் அப்பாவைப் போலீஸ் ஸ்டேஷனில் காரணம் சொல்லாமல் இரண்டு நாள் உட்காரவைத்தால் ஆட்கொணர்வு மனு என்று ஒன்று இருக்கிறது, அது அவனுக்காகத்தான் இருக்கிறது என்று சொல்ல ஐந்து நிமிடம் போதும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் இன்னும் பத்து ஒரு மார்க் ஓட்டிவிடலாமே! அம்பேத்கர் இதயம் என்றதும் ஆன்மா என்றதும் அறுபது பிள்ளைகளின் நாக்கில் தங்கிவிட்டன. அதற்குக் கீழே இறங்க அனுமதி இல்லை.

சரி, நாக்கில்கூடத் தங்காத பிள்ளைகளை என்ன செய்வது? அவர்களுக்கு அரசாங்கமே ஒரு பெயர் வைத்திருக்கிறது: மெல்லக் கற்போர். ஆசிரியர் அறையில் ஸ்லோ லேர்னர்ஸ். அவர்களுக்கென்று தனிக் கையேடு உண்டு, மினிமம் மெட்டீரியல். புத்தகம் முந்நூறு பக்கத்துக்கு மேல் என்றால் கையேடு முப்பது நாற்பது பக்கம். ஒரு மார்க் மனப்பாடம், வரைபடத்தில் எட்டு இடம், காலக்கோட்டில் ஐந்து வருடம், 'வேறுபடுத்துக' நான்கு. 35 தேறிவிடும். இந்தப் பிள்ளைகள் யார் என்று கொஞ்சம் பாருங்கள். செங்கல் சூளைக்குப் போகிறவர்களின் பிள்ளை, கட்டட வேலைக்கு வந்த குடும்பத்தின் பிள்ளை, வீட்டில் முதன்முதலாகப் பேனா பிடித்த பிள்ளை. குறைந்தபட்சக் கூலிச் சட்டம், தகவல் அறியும் உரிமை, நுகர்வோர் நீதிமன்றம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எல்லாம் நாளைக்கே தேவைப்படப் போகிறவர்கள் இவர்கள்தான். இவர்கள் கையில்தான் மெலிந்த கையேட்டைத் திணிக்கிறோம். சமூகத்தைப் பற்றி யாருக்குக் கட்டாயம் தெரிய வேண்டுமோ அவர்களுக்கு 35 சதவீதம் போதும் என்று நிர்ணயித்திருக்கிறோம். இதற்கு மேல் ஒரு துரோகம் இருந்தால் யாராவது ஐந்து வரிகளுக்கு மிகாமல் எழுதுங்கள்.

அடுத்தது வரைபடம். சமூக அறிவியலில் அள்ள அள்ள மார்க் கிடைக்கும் இடம். ஆரவல்லி மலை, தார் பாலைவனம், நர்மதை, சோழமண்டலக் கடற்கரை. ஸ்கெட்ச் பேனாவில் பச்சை, நீலம், பழுப்பு. எங்கே புள்ளி வைத்தால் முழு மார்க் என்று விரலுக்கே மனப்பாடம். வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ ஒரு பெண் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். பொருளியலில் தொழில்துறைத் தொகுப்புகள் என்று ஒரு பாடம். தோல் தொழிலுக்கு உதாரணமாக அவளுடைய ஊர்ப் பெயரே அதில் இருக்கிறது. எழுதுகிறாள், மார்க் வாங்குகிறாள். தமிழ்நாட்டு வரைபடத்தில் பாலாற்றை நீலத்தில் வளைத்து வளைத்து வரைகிறாள். அதற்கும் மார்க் வாங்குகிறாள்.

வரைபடத்தில் நீலமாக ஓடும் அந்த ஆறு அவள் வீட்டுக்குப் பக்கத்தில் என்ன நிறத்தில் கிடக்கிறது என்று எந்த வினாத்தாளும் அவளைக் கேட்காது. தோல் பதனிடும் கழிவு நீரால் ஆறும் கிணறும் கெட்டுப்போனதற்கு எதிராக வேலூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1996-இல் தீர்ப்பு வாங்கியது. மாசுபடுத்தியவர்தான் அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் அறிவித்த வழக்கு அது. இந்தியாவின் எந்தச் சட்டக் கல்லூரியிலும் சுற்றுச்சூழல் சட்டம் எடுத்தவர்கள் அதைப் படிக்காமல் வெளியே வர முடியாது. டெல்லியில் படிக்கிறவனுக்கு அவள் ஊர் ஆறு ஒரு பாடம். அவளுக்கு அது ஒரு நீலக் கோடு.

பாலாற்றை வைத்து ஒரே பாடவேளையில் புவியியல், பொருளியல், குடிமையியல், வரலாறு நான்கையும் நடத்திவிடலாம். ஆற்றங்கரைக்கு நடந்தே போய்விடலாம். போனால் என்ன ஆகும்? தொழிற்சாலை முதலாளியின் கொடையில்தான் பள்ளிக்கூடத்துக்கு பெஞ்ச் வந்திருக்கும், ஆண்டு விழா நடந்திருக்கும். மறுநாள் தலைமை ஆசிரியருக்கு போன் வரும். அதற்குப் பதில் வகுப்பிலேயே உட்கார்ந்து நீல ஸ்கெட்ச் பேனாவைத் தீட்டுவது எல்லாருக்கும் நல்லது. ஆறும் சுத்தமாக இருக்கும், காகிதத்தில்.

குடிமையியலுக்கு வருவோம். 73-ஆவது திருத்தம், 1992. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994. கிராம சபை கூடும் நாள்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பிள்ளை கடகடவென்று ஒப்பிக்கும். அதே ஆகஸ்ட் 15 அன்று காலையில் பிள்ளை பள்ளி மைதானத்தில் வெயிலில் வரிசையாக நின்று, பிரமுகர் ஒருவர் இளைஞர்களே நாட்டின் எதிர்காலம் என்று முழங்குவதைக் கேட்டு, ஒரு மிட்டாய் வாங்கிக்கொள்ளும். பத்தாம் வகுப்பு என்றால் மிட்டாய்க்குப் பிறகு ஸ்பெஷல் கிளாஸ். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் கிராம சபை கூடியிருக்கும். வேலை உறுதித் திட்டக் கூலி ஏன் மூன்று மாதமாக வரவில்லை என்று ஒரு அம்மா கேட்டுக்கொண்டிருப்பார். கேட்பது அந்தப் பிள்ளையின் அம்மாவாகவே இருக்கலாம். பிள்ளைக்கு அது தெரியாது. பிள்ளை அப்போது 'கிராம சபையின் பணிகளை விவரி' எழுதிக்கொண்டிருக்கும்.

வரலாற்றில் காலக்கோடு என்று ஒரு கேள்வி. ஒரு கோடு போட்டு, வருடத்தைக் குறித்து, பக்கத்தில் நிகழ்ச்சியை எழுத வேண்டும். 1924, வைக்கம். 1925, சுயமரியாதை இயக்கம். 1929, செங்கல்பட்டு மாநாடு. அந்த மாநாட்டில்தான் பெயருக்குப் பின்னால் தொங்கும் சாதி வாலை வெட்டுவது என்று தீர்மானம் போட்டார்கள். பிள்ளை ஸ்கேல் வைத்து அழகாகக் கோடு போட்டு, 1929 என்று எழுதி, அம்புக்குறி போட்டு முடிக்கிறான். எழுதுகிற கையின் மணிக்கட்டைப் பாருங்கள். அதில் ஒரு கயிறு. இந்த நிறம் என்றால் இந்தச் சாதி. பக்கத்து பெஞ்சில் வேறு நிறம். தேர்வு அறைக் கண்காணிப்பாளர் அந்தக் கையில் பிட் இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்கிறார். இல்லை. நேர்மையான பையன்.

இந்தக் கயிறு யாருக்கும் தெரியாத ரகசியமும் அல்ல. 2019-இல் பள்ளிக் கல்வித் துறை இதைத் தடுக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்புக் கிளம்பியதும் அன்றைய அமைச்சரே அது தம் கவனத்துக்கு வராமல் போனது என்று கையை உதறிக்கொண்டார். நாங்குநேரிக்குப் பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டார்கள். 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கயிறு, பொட்டு, மோதிரம் என்று சாதியைக் காட்டும் அடையாளம் எதுவும் பள்ளிக்குள் கூடாது, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதியை நீக்குங்கள் என்று பரிந்துரைத்தார்கள். நம்முடைய தேர்வு முறையின் மகிமையால் அந்த அறிக்கைக்கும் நாளைக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது. 'ஒரு நபர் குழு தொடர்பான கீழ்க்கண்ட கூற்றுகளை ஆராய்க: கூற்று 1 சரி, கூற்று 2 தவறு.' ஒரு மதிப்பெண்.

இத்தனைக்கும் சமூக அறிவியல் ஆசிரியர் சோம்பேறி இல்லை. அவருக்கு வேலை வராத நாளே கிடையாது. வாக்காளர் பட்டியல் திருத்தமா? சோஷியல் சாரைக் கூப்பிடு. தேர்தல் பணியா? சோஷியல் சார். கணக்கு போர்ஷன் முடியவில்லையா? சோஷியல் பீரியடை எடுத்துக்கொள். சார் கொடுத்துவிடுவார், அவர் நல்லவர். சோஷியல், பிள்ளைகள் தாங்களாகவே படித்து மார்க் ஏற்றிக்கொள்ளும் சப்ஜெக்ட் என்பது தலைமை ஆசிரியர் முதல் வாட்ச்மேன் வரை ஒருமித்த கருத்து. நாட்டின் தேர்தலை நடத்திக்கொடுத்துவிட்டு வந்து, தேர்தல் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க நேரமில்லாத ஒரே ஜீவன் அவர்தான்.

தனியார் பள்ளிகள் இன்னும் கெட்டிக்காரர்கள். ஆறாம் வகுப்பிலேயே நீட், ஐ.ஐ.டி. ஃபவுண்டேஷன் தொடங்கிவிடும். நீட்டில் இயற்பியல், வேதியியல், உயிரியல் உண்டு, சமூகம் இல்லை. நாளைக்கு டாக்டராகி நோயாளியைத் தொடப்போகிற பிள்ளைக்குச் சமூகம் எதற்கு? ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தைப் பிரிக்காமலே வைத்துவிட்டு, பத்தாம் வகுப்பை இரண்டு வருடம் ஓட்டுகிற பள்ளிகள் ஊருக்கு ஊர் உண்டு. பிளஸ் ஒன் பாடத்தை இப்படியே விழுங்கிக்கொண்டிருந்ததால்தான் 2017-18-இல் அந்த வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். திருடன் வருகிறான் என்று வீட்டுக்கு இன்னொரு பூட்டு. பூட்டும் தேர்வு, சாவியும் தேர்வு, திருடுகிறதும் தேர்வு.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் குரூப். முதல் குரூப் கேட்டுக் கிடைக்காதவன் இரண்டாவதுக்குப் போவான். அதுவும் கிடைக்காதவனைத் தலையில் தட்டி வரலாறு குரூப்பில் உட்காரவைப்பார்கள். வரலாறு நம் பள்ளிகளில் ஒரு தண்டனை. தப்பித்தவறி நல்ல மார்க் எடுத்த பெண் ஒருத்தி வரலாறு வேண்டும் என்று கேட்டால் வீடே இழவு விழுந்த வீடாகிவிடும். "ஹிஸ்டரி எடுத்து என்ன, கலெக்டர் ஆகப் போறியா?" என்று அப்பா நக்கலடிப்பார். ஆமாம் அப்பா, கலெக்டர் ஆகிறவர்கள் வரலாறும் புவியியலும் அரசமைப்பும் படித்துத்தான் தேர்வு எழுதுகிறார்கள் என்று சொல்ல அவளுக்குத் தைரியம் இருக்காது. அதுவும் புக் பேக்கில் இல்லை.

இந்தக் கூத்தின் உச்சக் காட்சி பத்து வருடம் கழித்து அரங்கேறும். சோஷியல் பீரியடைக் கணக்குக்குத் தானம் செய்து, முதல் குரூப் எடுத்து, என்ஜினீயரிங் முடித்து, வேலை கிடைக்காமல் திரிந்த அதே பையன் டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங் சென்டரில் வந்து உட்காருவான். அவன் மேஜையில் என்ன இருக்கும்? ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரைக்குமான அதே சமூக அறிவியல் புத்தகங்கள், ஸ்பைரல் பைண்டிங்கில். 2022 குரூப் 4 தேர்வுக்கு ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். முதலில் அறிவித்த இடங்கள் ஏழாயிரத்துச் சொச்சம். பதினைந்து வயதில் மாநிலமே உதாசீனப்படுத்திய பாடத்தை இருபத்தைந்து வயதில் லட்சக்கணக்கானவர்கள் விழுந்து விழுந்து படிக்கிறார்கள். சமூகம் இப்போதாவது புரிகிறதா என்றால், அதுதான் இல்லை. இரட்டைமலை சீனிவாசனின் சுயசரிதை எது? ஜீவிய சரித சுருக்கம். டிக். ஏன் எழுதினார், எதைப் பார்த்து எழுதினார்? அது சிலபஸில் இல்லை. டிக் அடித்தவர் நாளைக்குக் கிராம நிர்வாக அலுவலராகி ஒரு சாதிச் சான்றிதழுக்காகச் சேரி மக்களை ஆறு மாதம் நடையாய் நடக்கவிடுவார். அவர் சமூக அறிவியலில் சென்டம்.

இதையெல்லாம் மேலே இருந்து மேய்க்கும் அதிகாரிகளுக்கு ஒரே ஒரு எழுத்துதான் தெரியும்: சதவீதக் குறி. ரிசல்ட் வந்த வாரம் மாவட்டத் தலைநகரில் மீட்டிங் நடக்கும். திரையில் பள்ளிவாரியாகப் பட்டியல். கீழே இருக்கிற பள்ளிகளுக்குச் சிவப்பு நிறம். தலைமை ஆசிரியரை எழுந்து நிற்கச் சொல்வார்கள். ஐம்பத்தைந்து வயது மனிதர், கை கட்டிக்கொண்டு நிற்பார். "ஏன் சார் 91? பக்கத்து ஸ்கூல்ல 98 வருது, உங்களுக்கு மட்டும் ஏன் வரல?" அவர் பதில் சொல்ல மாட்டார். அடுத்த வருடம் ஒன்பதாம் வகுப்பு முடிவில், தேறாது என்று தெரிகிற நான்கு பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டு நைச்சியமாகப் பேசி டி.சி. வாங்க வைத்துவிடுவார். 91 என்பது 98 ஆகிவிடும். கைதட்டல், சால்வை, வழிகாட்டிய மாவட்ட நிர்வாகத்துக்கு நன்றி. 2017-இலேயே மாநில ரேங்க் பட்டியலை ஒழித்துவிட்டார்கள். ஆட்களுக்கு ரேங்க் போடுவதை நிறுத்திவிட்டுப் பள்ளிகளுக்கும் மாவட்டங்களுக்கும் ரேங்க் போடுகிறார்கள். தனியார் பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ் இன்னும் கிழியவில்லை. டி.சி. வாங்கிக்கொண்டு போன நான்கு பிள்ளைகள் எந்தச் சதவீதத்திலும் இல்லை. சமூக அறிவியலில் இதற்கு விலக்கிவைத்தல் என்று பெயர்.

டெல்லியைப் பார்த்து நாம் கோபப்படுகிறோம். 2023-இல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அரசியல் அறிவியலிலிருந்து 'ஜனநாயகமும் பன்மையும்', 'மக்கள் போராட்டங்களும் இயக்கங்களும்', 'ஜனநாயகத்தின் சவால்கள்' ஆகிய பாடங்களைப் பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லித் தூக்கியது. கண்டன அறிக்கை விட்டோம், சரிதான். விடத்தான் வேண்டும். ஆனால் நம்முடைய சாதனையை யாரும் பாராட்டவே இல்லை. டெல்லிக்குக் கத்தரிக்கோல் தேவைப்பட்டது. நமக்குச் சாய்ஸ் போதும். பெரியாரும் அயோத்திதாசரும் நம் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறார்கள், ஒரு வரி குறையவில்லை. ஐந்து மதிப்பெண்ணில் பதினான்குக்குப் பத்து எழுதினால் போதும் என்ற இடத்தில் அவர்களைச் சத்தமில்லாமல் வெளியே அனுப்புகிறோம். தடை செய்தால்கூட ஒரு பிள்ளை ஆர்வத்தில் தேடிப் படிக்கும். இம்பார்ட்டன்ட் கொஸ்டின் ஆக்கிவிட்டால் ஜென்மத்துக்கும் தொடாது.

இது கவனக்குறைவால் நடக்கிறது என்று நல்ல மனசுக்காரர்கள் சொல்வார்கள். நான் நம்பவில்லை. கேள்வி கேட்கிற பிள்ளை யாருக்கு வேண்டும்? ஊராட்சித் தலைவருக்கு வேண்டாம், கணக்குக் கேட்கும். ஆற்று மணல் அள்ளுகிறவருக்கு வேண்டாம். சாதிச் சங்கத்துக்கு வேண்டவே வேண்டாம். பள்ளி நிர்வாகத்துக்கு வேண்டாம். கட்டண ரசீது கேட்கும். அதிகாரிக்கு வேண்டாம். அப்பாவுக்கும் வேண்டாம், அக்கா ஏன் படிப்பை நிறுத்தினாள் என்று கேட்டுவிடும். இத்தனை பேர் சம்மதத்தோடு நடக்கிற ஒன்றுக்குக் கவனக்குறைவு என்று பெயரில்லை. ஏற்பாடு என்று பெயர்.

வினாத்தாள் தயாரிக்கும் பெரியவர்களுக்கு அடியேன் சில கேள்விகளைப் பரிந்துரைக்கிறேன். கட்டணம் வேண்டாம்.

உன் ஊர்க் குளத்தின் பரப்பு வருவாய்ப் பதிவேட்டில் எவ்வளவு, நேரில் எவ்வளவு? வித்தியாசத்தின் மேல் கட்டப்பட்டுள்ள கட்டடங்கள் மூன்றைக் குறிப்பிடுக. (5)

உன் வகுப்பில் யார் யார் மதிய உணவைச் சேர்ந்து சாப்பிடுகிறார்கள், யார் தனியாகச் சாப்பிடுகிறார்கள்? காரணம் கூறுக. (5)

உன் பள்ளிக் கழிப்பறையைச் சுத்தம் செய்கிறவரின் மாதச் சம்பளம் என்ன? அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியோடு வேறுபடுத்துக. (2)

உன் தெருவின் வரைபடத்தை வரைந்து, கோயில், தண்ணீர்த் தொட்டி, சுடுகாடு ஆகியவற்றைக் குறிக்கவும். எவை இரண்டு இரண்டாக இருக்கின்றன? ஏன்? (8)

ஒரே ஒரு வருடம், ஒரே ஒரு வினாத்தாளில் இவற்றில் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். அன்று மதியமே அந்தக் கேள்வி ரத்தாகும். மாலையில் சாலை மறியல். இரவுத் தொலைக்காட்சி விவாதத்தில் நான்கு பேர் பாடத்திட்டத்துக்கு வெளியே கேள்வி என்று கத்துவார்கள். மறுநாள் வினாத்தாள் தயாரித்தவர் இடைநீக்கம். அந்தக் கேள்விக்கான மதிப்பெண் முழுவதும் போனஸாக எல்லாருக்கும் வழங்கப்படும். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில், தமிழ்நாட்டில் முதன்முறையாக லட்சக்கணக்கான பிள்ளைகள் சமூக அறிவியல் படித்திருப்பார்கள்.

தேர்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்ப்பதற்கு ஒரு தேர்வு வேண்டும்தான். தெரியக் கூடாததைத் தெரியாமல் வைத்திருப்பதற்கு நடத்துவதைத் தேர்வு என்று சொல்லாதீர்கள். சமூக அறிவியலிலாவது நூறில் இருபத்தைந்தை மனப்பாடத்திலிருந்து பிடுங்கி, பிள்ளை தன் ஊரில் தானே விசாரித்து எழுதும் வேலைக்குக் கொடுங்கள். அறிவியலுக்குச் செய்முறைத் தேர்வென்று 25 மதிப்பெண் கொடுக்கத் தெரிந்த துறைக்கு, சமூகத்துக்கும் ஒரு செய்முறை உண்டு என்பது தெரியாதா? அமிலத்தில் லிட்மஸ் தாளைத் தோய்த்துப் பார்க்கிற பிள்ளையைக் கிராம சபையில் கொண்டுபோய் ஒரு மணி நேரம் உட்காரவைக்க என்ன பயம்?

இதைப் படிக்கிற பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கோ, பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்கோ போகும்போது என் பிள்ளை எத்தனை மார்க் என்று ஆரம்பிக்காதீர்கள். அது உங்கள் போனுக்கே வந்துவிடும். இந்த மாதம் சமூக அறிவியல் பாடவேளை எத்தனை நடந்தது, எத்தனையை வேறு பாடத்துக்குக் கொடுத்தீர்கள், பிள்ளைகள் என்ன கேள்வி கேட்டார்கள், என்ன பதில் சொன்னீர்கள் என்று கேளுங்கள். கேட்டதைப் பதிவேட்டில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. உங்கள் பள்ளிப் படிப்பில் அதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டதும் இதே தேர்வுதான்.